யன்னலடி இரும்பு

அறுபத்தோராம் ஆண்டு ஐப்பசி. இரணைமடுப் பக்கம் வானம் கறுத்ததைக் கண்டு சதாசிவம் மாஸ்டர் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு ஓடி வந்தார். நேரே, கடல்கடந்த ஊர்க்காரரோடு அவர் பேசும் வானொலிப் பெட்டி இருந்த மேசைக்குப் போய், பாலை மரத்து ஏரியல் கம்பியை நிலத்தோடு இணைக்கும் சுவிட்சைக் கீழே தள்ளினார். இனி மின்னல் விழுந்தாலும் கம்பி வழியே யன்னலடி மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகுதான் பெட்டிமேல் கிடந்த மனைவி திலகவதியின் சீட்டைக் கண்டார்.

"இஞ்சாருங்கோ, முன்வீட்டு நாகேஸ்வரிக்குப் பிரசவ நோ துவங்கியிட்டுது, போறன். சோறு குசினியில மூடிக் கிடக்கு. பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல், அறைக்குள்ள நித்திரை. எழுப்பாதேங்கோ. காலமை கதைச்சதை நான் மறக்கேல்லை. கடலுக்கு அங்கால இருக்கிறவனோட கதைக்க உங்களுக்கு நேரமிருக்கு, என்னோட இல்லை."

மின்னியது. வழக்கம்போல் எண்ணினார். ஏழில் இடித்தது. சீட்டின் அடியில் நெருக்கி இன்னும் எழுதியிருந்தது.

"கண்டுக்குட்டி முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுது. யன்னலடியில நீங்கள் இறுக்கி வைச்ச நீட்டு இரும்பைக் கழட்டி, வேலியடியில அடிச்சு அதில கட்டியிருக்கிறன். அதில இருந்த கம்பி பிள்ளைக்குத் தடக்காமல் கட்டிலுக்கு மேல கூரைக் கிடுகில சுத்தி விட்டிருக்கிறன். அது என்னத்துக்கு எண்டு கேக்கத்தான் நினைச்சனான். கேட்டால், உனக்கு விளங்காது எண்டுவீங்கள்."

மறுபடி மின்னியது. இம்முறை அவர் எண்ணவில்லை. சீட்டைப் போட்டுவிட்டு அறையை நோக்கி ஓடினார்.