சின்னசேலம் வரை வந்தவளுக்கு

கள்ளக்குறிச்சி,
புதன்கிழமை.

என் மகள் ஹப்சாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதினால் அது நடிப்பு. உங்கள் கோச்சிங் ஹாஸ்டலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுகிற ஐந்து நிமிஷமும் வார்டன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம். பத்தாவதில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் எழுதுவது இதுதான். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தும் நாளாச்சு.

முதலில் ஊர்ச் செய்தி. அத்தா வெள்ளிக்கிழமை பேசினார். குவைத்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதாம். இங்கே நம் வளையல் கடையில் வியாபாரம் பரவாயில்லை. போன வாரம் வெள்ளிமலையில் மலர்விழிக்கு வளைகாப்பு. வருஷக்கணக்காக நம் கடையில் வளையல் வாங்குகிற பெண், நேரில் வந்து கூப்பிட்டாள். கண்ணாடி வளையல் பெட்டியோடு மலை பஸ் ஏறினேன். நீ என்கூட வருகிற பழக்கத்தில், ஜன்னல் பக்கத்தை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து, உன் இடத்தில் பெட்டியை வைத்திருக்கிறேன். கண்டக்டர் வந்து, "இன்னாங்கம்மா, பொட்டிக்கும் டிக்கெட் எடுத்துக்கினீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறமும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது.

போன மாதம் போனில் கேட்டாய். படிப்பது எதுவும் மண்டையில் ஏறவில்லை, ஒரே பாராவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், படுத்தால் தூக்கம் வரவில்லை, மாதிரித் தேர்வில் மார்க் இறங்கிக்கொண்டே வருகிறது, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை இந்த வருஷம் விட்டுவிட்டு அடுத்த வருஷம் எழுதட்டுமா என்று. நான் "உன் இஷ்டம்மா" என்றேன். அடுத்த வாரமும் கேட்டாய். அதே பதில். அதற்கடுத்த வாரம் நீ கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று நான் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாய்.

எழுதச் சொல்லி உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாமென்று சொல்லி, நாளைக்கு நீ என்னைக் குறை சொன்னால்? இரண்டுக்கும் பயந்துதான் உன் இஷ்டம் என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

முந்தாநாள் தெய்வசிகாமணி அண்ணன் கடைக்கு வந்தார். சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர், மகள் இலக்கியாவுக்குத் தோடு வாங்க வருவாரே, அவர்தான். வந்ததும், "இன்னாம்மா, வக்கீலம்மா லீவுல வந்துச்சே, அதுக்குள்ள போயிடுச்சா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னசேலம் ஸ்டேஷனில் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயாம். மச்சானை ரயிலேற்றிவிட வந்தவர் உன்னைப் பார்த்துவிட்டு, "வக்கீலம்மா, நல்லாக்கீறியாம்மா? பரீட்சை எப்ப? ஊரே உன்னத்தான் பாத்துக்கினு இருக்குது" என்று சந்தோஷமாகக் கேட்டாராம். நீயும் சிரித்தாயாம். அவர் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், திரும்பவும் ஹாஸ்டல் பக்கமே, விருத்தாசலம் போகிற பாசஞ்சரில் ஏறிவிட்டாயாம். அன்றைக்கு உன் போன் வராதபோது, மாதிரித் தேர்வு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்டீ.

அவர் போனதும் அவர் மேல்தான் கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வாய் என்று திட்டினேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மகள் சட்டம் படிக்கப் போகிறாள் என்பதோடு நிறுத்தினேனா? வளையல் போட நீட்டிய கையையெல்லாம் பிடித்துக்கொண்டு, எங்க வூட்டு வக்கீலம்மா, எங்க வூட்டு வக்கீலம்மா என்று நான்தானே கூவினேன். நீ ஒரு தேர்வுகூட எழுதுவதற்கு முன்னால்.

சின்னசேலத்திலிருந்து நம் வீடு ஒரு பஸ் தூரம். அவ்வளவு தூரம் வந்த பிள்ளை அந்த ஒரு பஸ்ஸில் ஏற முடியாமல் திரும்பிப் போயிருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாயோ, சாப்பிட்டாயோ இல்லையோ. வார்டனிடம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

நேற்று பூக்கடை கொளஞ்சியம்மாள், வக்கீலம்மா எப்ப வருது என்று வழக்கம்போலக் கேட்டாள். "ஹப்சாவுக்கு ரொம்ப களைச்சிப் போச்சிக்கா, பரீட்சையை அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்குது" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளோ, "அய்ய, அதுக்கு இன்னா இப்ப? புள்ளைய மொதல்ல வூட்டுக்குக் கூட்டிக்கினு வா" என்று சொல்லிவிட்டுப் பூவை அளக்கப் போய்விட்டாள். இதற்குத்தான் நாம் இரண்டு பேரும் இவ்வளவு நாள் பயந்தோம்.

அத்தாவிடமும் சொல்லிவிட்டேன். "புள்ள சாப்புடுதா?" என்று மட்டும் கேட்டார்.

இனிமேல் உன் இஷ்டம் என்று சொல்ல மாட்டேன். என் இஷ்டத்தைச் சொல்கிறேன். இந்த வருஷம் எழுத வேண்டாம். ஹால் டிக்கெட் வந்துவிட்டதே என்று யோசிக்காதே. நாளைக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டுமென்றால் என்னைச் சொல், நான் வாங்கிக்கொள்கிறேன். இல்லை, எழுதியே தீருவேன் என்றால் எழுது, அதற்கும் துஆ செய்கிறேன். ஆனால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் வீட்டுக்கு வந்துவிடு. வந்து தூங்கு. எழுந்திரு என்று நானும் சொல்ல மாட்டேன், கடைக்கு வா என்றும் கூப்பிட மாட்டேன்.

இரண்டு நாளாகக் கடை திறப்பதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். சின்னசேலம் பஸ் வந்து கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் நிற்கிறேன். டீக்கடைக்காரர் இன்றைக்கு, "யாரையாச்சும் எதிர்பாத்துக்கினு கீறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். பூ வாங்க வந்தேன் என்றேன். சொன்னதற்காக இரண்டு முழம் வாங்கி வந்து உன் அறை ஆணியில் மாட்டியிருக்கிறேன். நாளைக்கும் அவர் கேட்பார்.

அல்லாஹ் உன் நெஞ்சில் இருக்கிற பாரத்தை இறக்கி, கண்ணுக்குத் தூக்கத்தைக் கொடுக்கட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது யாராவது வக்கீலம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே. நான் ஹப்சா என்று கூப்பிடுவேன். அதற்கு மட்டும் திரும்பு.

உன் அம்மா,
மெகருன்னிசா