செருப்பை எண்ணிய வண்டி

கவச வேலைப் பதிவு
காலை 9.20 (இந்திய நேரம்)

தூத்துக்குடியில் ஏழாம் வகுப்புக்கு நிலாவைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "டீச்சர், நிலாவுல எறங்குனவங்க செருப்ப எங்க கழட்டிப் போடுவாங்க?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

இப்போது பதில் தெரியும். பள்ளிக்கூட வாசலில், இடது பக்கம், வரிசையாக.

நிலாவில் இருக்கும் இந்த நிலையத்தில் எல்லோருக்கும் அடியில் ஈயம் வைத்த கனத்த செருப்பு உண்டு. அது இல்லாவிட்டால் நடக்கும்போது துள்ளித் துள்ளிக் கூரையில் இடிப்போம். ஒவ்வொரு செருப்பின் அடியிலும் உரியவரின் பெயர் பதிந்த மின்சில்லு ஒன்று இருக்கிறது. செருப்பைக் கழற்றக் கூடாது என்பது விதி. ஆனால் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்துக்குள் யார்தான் செருப்போடு வருவார்கள்? நிலையத் தலைவி மங்கையர்க்கரசியே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்.

இனி வேலை. ஆண்டு விழா நாடகத்தில் வரும் 'கோள் காவலன்' கவசம் ஏறக்குறைய முடிந்தது. உள்ளே இருப்பது நிஜ விண்வெளிச் சட்டை. முழங்கையில் கிழிந்ததால் கழித்துவிட்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே பழைய பாய்களை வெட்டி ஒட்டிய மார்புத் தகடு, தோள் தகடு, பிள்ளைகள் ஒட்டிய ஜிகினா. அணியப்போகிறவர் வண்டி ஓட்டும் செய்யது. ஆறடி மனிதர். வசனம் ஒன்றே ஒன்றுதான், அதையும் மறந்துவிடுகிறார்.

இன்று தலைக்கவசத்தில் சிறு காற்றாடி பொருத்தினேன், கண்ணாடியில் மூச்சு படியாமலிருக்க. போட்டுப் பார்க்கப் போகிறேன். இந்தக் கவசத்தை எனக்குப் பிறகு யார் சரிசெய்ய நேர்ந்தாலும் குறிப்பு வேண்டுமே என்றுதான் எழுதி வைக்கிறேன்.


காலை 11.05

காற்றாடி நன்றாக ஓடுகிறது. இரைச்சல் அதிகம்.

கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாமான் அறையிலிருந்து வெளியே வந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. தட்டுகளில் பாதி உப்புமா. சுவரில் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. சூரியப் புயல் எச்சரிக்கை. எல்லோரும் புயலுக்குப் பதுங்கும் குகைக்குப் போயிருக்கிறார்கள். அபாயச் சங்கு ஊதியிருக்கும். காற்றாடி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. என்னுடையதும் இல்லை. அங்கேயே வைத்திருந்த கவசத்தின் காலணிகளும் இல்லை.


காலை 11.40

குகைக்குக் கம்பி வழித் தொலைபேசி இருக்கிறது. புயலில் வானொலி போனாலும் கம்பி பேசுகிறது. நடந்தது இதுதான்.

சங்கு ஊதியதும் செய்யது வண்டியைப் பள்ளி வாசலோடு ஒட்டி நிறுத்திப் பிள்ளைகளையும் அவர்களோடு சாப்பிட வந்திருந்த பெற்றோரையும் ஏற்றியிருக்கிறார். குகைத் தரை பனிக்கட்டி போல இருக்கும், பிள்ளைகள் வெறுங்காலில் நிற்பார்களே என்று, வாசலில் கிடந்ததையெல்லாம் இரண்டு சாக்கில் அள்ளிப் போட்டிருக்கிறார். வண்டி சில்லுகளைப் படித்துப் பார்த்தது. அமலோற்பவம், அறிவியல் ஆசிரியை, ஏறிவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

சுற்றுலா போகும்போது தலை எண்ணுவது எப்போதும் என் வேலை. அதனால் வேறு யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை. எண்ணுகிறவளே விடுபட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

திரும்பி வர வண்டிக்கு வழியில்லை. அதன் மூளையைப் புயல் எரித்துவிட்டது. இனி யாராவது உட்கார்ந்து கையால்தான் ஓட்ட வேண்டும். அதன் கூரை மெல்லியது. செய்யதின் மார்பில் இருக்கும், கதிர்வீச்சை அளக்கும் பட்டை ஏற்கெனவே சிவந்துவிட்டதாம். இன்னொரு தடவை வெளியே போனால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொல்கிறார். வேறு ஓட்டுநரும் நல்ல வெளிச்சட்டைகளும் தொலைவில் சுரங்கப் பக்கம். குகையில் இருப்பது காற்றுக் குழாயோடு கட்டிய சட்டை ஒன்றுதான், அது குகை வாயைத் தாண்டி வராது.

புயல் தணிய நாளை மதியம் ஆகுமாம். காத்திருப்பேன் என்று சொன்னேன்.


மதியம் 12.30

காத்திருக்க முடியாது. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் நின்றுவிட்டது. மூடிய அறையில் அடுப்பு எரிந்தால் மூச்சு முட்டுமல்லவா, இங்கே அடுப்பு நான்தான். மாலைவரை தாங்கலாம். நாளைவரை தாங்காது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். சூரியனிலிருந்து வரும் துகள்களைத் தண்ணீர் ஓரளவு தடுக்கும். இரும்பைவிடத் தண்ணீர் நல்லது. கேரம் காய் அதே அளவுள்ள இன்னொரு காயில் மோதினால் நின்றுவிடும். பலகையின் ஓரத்தில் மோதினால் திரும்பித் தெறிக்கும். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அந்தத் துகள்களுக்குச் சரியான எதிர்க்காய்.

குகை வாய் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. எங்கள் தெருமுனையிலிருந்து மீன் சந்தைக்குப் போகிற தூரம். அவசர அலமாரியில் ஆக்சிஜன் குப்பி ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் இரட்டைக் கதவு போட்ட சிறிய வெளிவாசலும் இருக்கிறது.

சட்டைதான் நாடகச் சட்டை.


மதியம் 1.50

முழங்கைக் கிழிசலை ஒட்டினேன். மிதிவண்டி பஞ்சர் கடையில் பார்த்திருப்பீர்கள். முதலில் உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பிறகு பசை, பிறகு ஊதிக்கொண்டு காத்திருப்பார்கள். ஈரப்பசையில் ஒட்டினால் ஒட்டாது. பொறுமையில்லாத ஆளுக்கு அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆகும். எனக்கு ரப்பர் துண்டு, நாடகத்தில் கடலாக விரிக்க வைத்திருந்த நீல விரிப்பிலிருந்து கிடைத்தது.

அடுத்தது அளவு. செய்யது ஆறடி, நான் ஐந்தடிகூட இல்லை. தொளதொளவென்று இருக்கும் இடங்களில் பாவாடை நாடா போலக் கயிறு கோத்து இழுத்துக் கட்டினேன்.

மார்புத் தகட்டிலிருந்து பஞ்சைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர்ப் பைகளை வைத்துத் தைத்தேன். தோளிலும் முதுகிலும் அப்படியே. இருபது லிட்டர் ஏறியது. ஊரில் இதைச் சுமந்து நடந்தால் இடுப்பு ஒடியும். இங்கே மூன்று படி அரிசி கனம்தான். ஜிகினாவைப் பிய்க்க மனம் வரவில்லை. பொய்க் கவசம் மெல்ல மெல்ல மெய்க் கவசம் ஆகிறது. செய்யும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.


பிற்பகல் 2.45

பாதங்கள். காலணி இல்லாத சட்டை அடியில்லாத குடம்.

கால் முனையில் இருக்கும் வளையத்துக்கு எது பொருந்தும் என்று கூடம் முழுவதும் தேடினேன். பிள்ளைகளின் சத்துமாவு டப்பா பொருந்தியது. திருகு மூடியைக் காலளவுக்கு வெட்டி, வளையத்தோடு ஒட்டி, டப்பாவை அதில் திருகிவிட்டேன். இரண்டு கால், இரண்டு டப்பா. காற்று ஏறினால் டப்பா பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதனால் அடியிலிருந்து இடுப்புவரை கயிறு போட்டு இறுக்கினேன்.

தொலைபேசியில் மங்கையர்க்கரசியிடம் சொன்னேன். "டப்பாவுலயா வர்றீங்க டீச்சருங்க?" என்றார். மாவைக் கொட்டிவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்.


பிற்பகல் 3.30

சோதனை. சட்டையை மூடிக் காற்று ஏற்றி, தையல்களில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

முழங்கை: குமிழி இல்லை. வலது டப்பா: இல்லை. இடது டப்பா வளையம்: குமிழி. இங்கே குமிழி அவசரப்படுவதில்லை. அப்பம் போல மெதுவாக உப்பி, நின்று, உடைகிறது. மறுபடி தேய்த்துப் பசை போட்டிருக்கிறேன். காய இரண்டு மணி நேரம் வேண்டும்.

காத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. சட்டைக்குள் அழுத்தம் குறைவு. கோலி சோடாவைச் சட்டென்று உடைத்தால் பொங்குகிறதே, அப்படி என் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் பொங்கும். முன்கூட்டியே வெறும் ஆக்சிஜனை நெடுநேரம் சுவாசித்தால் அது மெல்ல வெளியேறிவிடும். ஆக, பசைக்கும் எனக்கும் ஒரே காத்திருப்பு. முகமூடியைப் போட்டுக்கொண்டேன்.

தலை வலிக்கிறது. முகமூடி போட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை.


மாலை 4.10

தொலைபேசியில் செய்யது. இவ்வளவு நேரமும் அவர் பேசவேயில்லை.

"டீச்சர், நா செருப்பத்தான் எண்ணுனேன். ஆள எண்ணல. நானே வாறேன்."

வேண்டாம் என்றேன். எண்ணியது வண்டி, நீங்கள் இல்லை என்றேன். பிள்ளைகள் காலில் குளிர் ஏறக் கூடாது என்று நினைத்த மனிதரை யார் குறை சொல்லப்போகிறார்கள் என்றும் சொன்னேன். அவருடைய மகள் ரஹ்மத் என் வகுப்பில்தான் படிக்கிறாள், நாடகத்தில் அவள்தான் பூமி. அதை நினைவூட்டினேன்.

"அவதான் டீச்சர் எங்கன்னு மூணு தரம் கேட்டுட்டா. நா என்னத்தச் சொல்ல?"

வைத்துவிட்டார்.


மாலை 4.25

மங்கையர்க்கரசி. குரல் பதறியது. "சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாருங்க. வண்டிக் கொட்டாய்க்குள்ள போயிக் கதவ உள்ளாற தாழ் போட்டுக்கிட்டாருங்க. பேட்டரி ஏறிட்டு இருக்குது. ஏறி முடிஞ்சா எடுத்துருவாருங்க."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கால் மணி என்றார்.

பசைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ரத்தத்துக்கும் அப்படித்தான்.

கணக்கு எளிது. இங்கேயே இருந்தால் அவர் வருவார். நான் பிழைப்பேன், அவர் பிழைக்க மாட்டார். நான் கிளம்பிவிட்டால் அவர் வர வேண்டியதில்லை.


மாலை 4.31

கொட்டகைக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லிச் செய்யதிடம் பேசினேன். சட்டை தேறிவிட்டது, எங்கும் குமிழி இல்லை, இதோ கதவைத் திறக்கிறேன் என்றேன்.

"நெசமாவா டீச்சர்?"

வகுப்பில் பொய் சொன்னதில்லை. இது வகுப்பு இல்லை. நிஜம்தான் என்றேன். குழாய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு குகை வாயின் பாறை நிழலில் கயிறோடு நில்லுங்கள், நான் பொய்க்கால் ஆட்டக்காரி போல வருவேன், முழங்கால் மடங்காது, விழுந்தால் இழுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அப்ப வண்டிய நிப்பாட்டுறேன். வாங்க. மெல்ல வாங்க."

பிறகு நாடகத்தில் தன்னுடைய ஒற்றை வசனத்தை, ஒரு சொல்கூட விடாமல், சொன்னார்.

"பயப்படாதீர்கள், காவலன் இங்கே இருக்கிறேன்."


மாலை 4.38

சட்டைக்குள். கையுறை. எழுத்து கோணல். மன்னிக்கவும்.

காற்று ஏற்றினேன். முழங்கை நிற்கிறது. இடது வளையம். குமிழி. சிறியதுதான். ஒன்று உடைந்து அடுத்தது வரும்வரை ஒரு செபம் சொல்லி முடித்துவிடலாம். குப்பியில் இருக்கும் காற்று இந்தக் கசிவைத் தாங்கும். வளையம் பெரிதாகத் திறக்காமல் இருந்தால்.

உள்கதவை மூடிவிட்டேன், இங்கிருக்கும் காற்றை வெளியேற்றுகிறேன். முழங்கால்களில் அரிப்பு. கோலி சோடா.

இந்தப் பதிவை உள்ளே வைத்திருந்தால் நாளை கண்டெடுப்பார்கள். ஆனால் கதவு மூடிவிட்டது. இங்கே, இரு கதவுகளுக்கும் நடுவில், வளையத்தில் மாட்டிவிட்டுப் போகிறேன். போய்ச் சேர்ந்தேனா என்பது இதில் இருக்காது. செய்யதிடம் கேளுங்கள். குமிழியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம்.

வெளியே வெயில். காற்றில்லாத வெயில். குகை வாயில் ஓர் ஆள் தெரிகிறார், உயரமாக, கையில்

கயிறு

கிளம்பும் முன் கடைசி வீட்டுப்பாடம்: படிக்கிற நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்காதீர்கள். உள்ளே போய், இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தலையைத் தொட்டு எண்ணுங்கள்.