டயர் வட்டமாக இருந்ததா

தங்கை ஜிபெக்குக்கு அல்மாட்டியிலிருந்து சலாம். நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

குளிர்காலக் கறிக்கென்று விற்கக் கொழுக்க வைத்திருந்த சிவப்புக் குதிரையை வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒரு படத்தைத் தனியாக எடுத்து விளம்பரம் போட்டேன். வாங்க வந்த தோக்தார் என்பவர் குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மிச்சக் குதிரை எங்கய்யா? படத்துல பீப்பா மாதிரி இருந்துச்சே."

"நல்லாத்தான் தீனி போடுறேன் அண்ணே."

"படத்துல பின்னால கெடக்குற டயருக்குமா போட்ட? அதுவும் முட்டையாட்டம் ஊதியிருக்கு பாரு."

உண்மைதான். படத்தை எடுக்கும்போது நீள அகல விகிதம் தப்பி, அகலம் மட்டும் இழுபட்டிருந்தது. விலையைக் குறைத்தே கொடுத்தேன். ஏமாற்றுக்காரன் என்று பேர் வந்தால் இந்தச் சந்தையில் நிற்க முடியாது. இப்போது படத்தில் வட்டமான பொருள் ஏதாவது வட்டமாகவே இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுகிறேன்.

நம் ஊருக்கும் இங்கும் வந்துபோகும் வண்டிக்காரர் தன் போனில் உன்னை எடுத்து வந்த வீடியோவிலிருந்தும் ஒரு படம் எடுத்தேன். உன் முகம் ஒடுங்கியிருந்தது. இதிலும் விகிதம் தப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் கையிலிருந்த ரொட்டி சரியான வட்டமாக இருந்தது.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்பச் சொல்லலாம் என்றிருந்தேன். அது கிடக்கட்டும், முதலில் டாக்டரைப் பார். கடிதம் கொண்டுவரும் வண்டி கிளம்புகிறது.

எசென்பெக்