உள்பக்கத் தாழ்ப்பாள்

என்னங்க,

வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் வாயாரப் புகழ்கிறார்கள். குளியலறையைத் தவிர உள்ளே எங்கும் கதவில்லாமல் நீங்களே வீட்டுப் படம் வரைந்தீர்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாமே கண்ணில் படும். "குடும்பத்துக்குள்ள எதுக்குக் கதவு?" என்பீர்கள்.

அந்த நாற்காலியை உதைத்துத் தள்ளி நீங்கள் எழுந்தாலே நம் மகள் குளியலறைக்குள் ஓடிவிடுகிறாள். வயிற்றுவலி என்று டாக்டரிடம் கூட்டிப் போனீர்கள். வயிற்றில் ஒன்றுமில்லை.

நீங்கள் வெளியூரில் இருக்கும்போதே தச்சரை வரவழைத்து அவள் அறைக்குக் கதவு போட்டுவிட்டேன். உங்கள் வெள்ளைச் சுவரில் ஆணி இறங்கியிருக்கிறது.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?" என்று தச்சர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "உள்பக்கம். ரெண்டு போடுங்க."

வந்ததும் அவள் அறைக் கதவைத் தட்டுங்கள். நாங்கள் இருவரும் உள்ளேதான் இருப்போம். திறப்பதா வேண்டாமா என்று அவள் சொல்லுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி