இரண்டு வாரத்துக்கு முந்தைய காலை

மாட்டுங்கா
9-8-1964

அன்புள்ள சொர்ணம் அக்காவுக்கு,

நான்கு நாளாக விடாத மழை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தாராவி தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கிறது.

கோவண்டியில் மறுபடி இட்லிக் கடை போட்டிருக்கிறீர்களாம். உங்கள் பழைய சந்தில் இருக்கும் பூலோகம் அண்ணன் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

சுகாதார ஆபீசில் என் வேலை உங்களுக்குத் தெரியும். டைபாய்டு வந்த வீடுகளில், "இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதுவது. உள்ளே போன கிருமி காய்ச்சலாக அவ்வளவு நாள் பிடிக்கும். யாருக்கும் சட்டென்று நினைவு வராது. அப்போது தாராவியில் படுத்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு, நாள்களுக்குள் பின்னோக்கி நடந்து, கடைசியில் உங்கள் சந்துக்கே வந்து சேர்ந்தார்கள். "சொர்ணம் கடைச் சட்னி" என்றார்கள், காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டு.

நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் தினமும் உங்களிடம் சாப்பிடுகிற எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று நினைத்தேன். எட்டு வயதில் எனக்கு வந்துபோன டைபாய்டுதான் என்னைக் காத்திருக்கிறது. அது உறைப்பதற்குள் பதினைந்து நாள் போய்விட்டது. இன்னும் நான்கு பிள்ளைகள் படுத்தார்கள், உங்கள் பக்கத்து வீட்டு ரஷீதாவும். பிறகு உங்கள் பெயரைக் கொடுத்து அந்தக் கடையை மூடவைத்ததும் நான்தான், அக்கா.

ஒரு நாள்கூடப் படுக்காதவர் உடம்பிலும் கிருமி வருஷக்கணக்கில் குடியிருக்கும். உங்களைச் சோதித்ததில் அதைத்தான் கண்டார்கள். இட்லி ஆவியில் வெந்துவிடுகிறது, சட்னியை வேகவைப்பதில்லை. கடையை நீங்களே மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த முகவரியையும் நான் கொடுக்க வேண்டிவரும்.

உங்கள்
விஜயலக்ஷ்மி


கோவண்டி
13-8-64

ஏட்டி விசயா,

நீதானா அது? எனக்கு ஒரு நாள் தலைவலி வந்து பாத்திருக்கியா? எனக்கே வராத காய்ச்சலை எங்கயிருந்து எடுத்துக் குடுத்தேன்? சோப்புப் போட்டுத்தான் கை கழுவுதேன். இன்னொரு கரண்டி ஊத்துங்கன்னு தட்டை நீட்டினவ நீ. இப்பம் இந்தக் கை வெசமாப் போச்சு. இனிமே எனக்கு எழுதாத.

ரஷீதா எப்படி இருக்கா? அதை மட்டும் சொல்லு.

சொர்ணம்மாள்


மாட்டுங்கா
15-8-1964

அன்புள்ள அக்கா,

ரஷீதா பிழைத்துவிட்டாள். முடி எல்லாம் கொட்டிவிட்டது. வளரும் என்கிறார் டாக்டர்.

நேற்று ஒரு கனவு. சந்துக்காரர்கள் எல்லோரும் மழைக்குள் பின்னோக்கி நடந்து வருகிறார்கள். ஆட்டுக்கல்லின் முன்னால் நீங்கள். யாரும் உங்களைத் திட்டவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை முகவரியைக் கொடுத்துவிடுவேன்.

விஜயா


கோவண்டி
2-9-64

விசயா,

ஒங்க ஆபீசு ஆளு வந்தாரு. பூட்டுன கடையைப் பாத்துட்டு, "கியூன் பந்த்?"ன்னு, ஏன் மூடிக் கெடக்குன்னு கேட்டாரு. நானே மூடிட்டேன்னேன். இப்பம் அண்ணன் இசக்கிப்பாண்டி தோல் பட்டறையில பை தைக்கப் போறேன். தோலுக்குக் காய்ச்சல் வராதுல்லா?

ரஷீதாவைப் பாத்துட்டு வந்தேன். மொட்டைத் தலையைத் தடவப் போயி கையை இழுத்துக்கிட்டேன். அவளே என் கையைப் பிடிச்சுத் தலையில வச்சுக்கிட்டா.

சட்னி நாக்குலயே நிக்கி. ஞாயித்துக்கிழமை வா. கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், உப்பு எவ்வளவுன்னு சொல்லுதேன். நீ அரை.

சொர்ணம்