குடைச் சின்னத்தில் யாரும் நிற்கவில்லை

மாப்ளே,

ஓடைப்பட்டி வாழ் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், டீக்கடைச் சுவருக்கு இன்று வெள்ளையடிக்கப்பட்டது. கடைக்காரரின் மீசைக்கும் சேர்த்து. செய்தி முடிந்தது.

முடியவில்லை. காயும் வரை ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது. அந்த வாசனைக்கு நடுவே நீ போன வருடம் வரைந்த கறுப்புக் குடைகள் வரிசையாகத் தெரிந்தன.

பெரியகுளம் ஆபீசில் மழைக்கணக்கைக் கெஞ்சி வாங்கி வந்து, வருடத்துக்கு ஒரு குடை போட்டாய். மழை கூடினால் பெரிய குடை, குறைந்தால் சின்னது. நடுவில் ஒன்று பெருத்திருந்தாலும் கடைசிக் குடை காளான் அளவுதான். முதல் குடை முடிந்ததுமே, "எந்தக் கட்சிடா மாப்ளே?" என்றேன். நீ சிரித்தாய்.

ஊர் பார்ப்பதைவிட உன் அய்யா பார்க்க வேண்டும் என்பதே உன் தவிப்பு. வற்றிய திராட்சைத் தோட்டக் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டுவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மழை இறங்காத கிணற்றில் ஆள் இறங்கி என்ன பயன் என்று கேட்டாய்.

"ஏலே, குடைச் சின்னத்துல யாரு நிக்கிறாக?" என்றார் கடைக்காரர்.

"வருண பகவான், சுயேச்சை. டெப்பாசிட் போயிரும்ணே!" என்றேன். கடையே சிரித்தது.

உன் அய்யா நடுவிலிருந்த பெரிய குடையைத் தொட்டார். "அந்தா, அந்த வருசம் ஊத்துச்சுல்ல? மறுபடி ஊத்தும்."

"ஒரு குடையப் பாக்காதீக அய்யா. வரிசையப் பாருங்க."

"படம் போட்டா தண்ணி ஊறுமாக்கும்? கடப்பாரைய எடுத்துட்டு வாடா."

நீ குடை வரைந்தாய். அவர் பூமியைக் குடைந்தார். இந்தச் சிலேடையை உன்னிடம் சொல்லத்தான் மறுவாரம் தோட்டத்துக்கு ஓடி வந்தேன். கிணற்று மேட்டில் ஊரே நின்றது. பக்கச்சுவர் சரிந்து நீ அடியில் கிடந்தாய். உன்னை மேலே ஏற்றியபோது உடம்பெல்லாம் புழுதி. ஒரு பொட்டு ஈரமில்லை.

இன்று உன் அய்யா வந்தார். முதல் குடையிலிருந்து சுவரோரமாக மெல்ல நடந்தார். "கடைசி எதுடா?" என்றார். காட்டினேன். அவர் அங்கு போய் நிற்பதற்குள் சுண்ணாம்பு காய்ந்து, சுவர் வெறும் வெள்ளையாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல மழை ஒன்று பெய்து ஊரே குதிக்கும்போதெல்லாம், "வரிசையப் பாருங்க" என்று நான்தான் இப்போது சொல்லித் திரிகிறேன். உன் படத்தை முதலில் புரிந்துகொண்டவன் நானே என்று நம் வகுப்பில் பீற்றிக்கொள்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். எந்தக் கட்சி என்று நான் கேட்டது கேலிக்கென்று நினைத்துத்தானே சிரித்தாய்? இல்லை மாப்ளே. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.