ஈர மரத்தூள்

பிப்ரவரி 17, செவ்வாய்

லேபில் மூன்றாம் எலிக்கூண்டும் ஏழாம் கூண்டும் இன்று காய்ந்திருந்தன. சுகர் எலி என்றால் தண்ணீரைக் குடித்துக் குடித்து மரத்தூளை நனைத்து வைக்கும். கூண்டு கழுவுகிறவளுக்குத் தெரியாதா? எனக்கும் சுகர்தான், நானே பாத்ரூமுக்கு நடையாய் நடக்கிறேன். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "கழுவுற வேலைய மட்டும் பாரும்மா." சரி மகராசா.

பிப்ரவரி 24, செவ்வாய்

3, 7 — இன்றும் காய்ந்துதான்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆராய்ச்சிப் பொண்ணிடம், "எதுக்குக் கண்ணு இவளுகளுக்கு ஊசி போட்டு சுகர் வரவெச்சிருக்கே?" என்றேன். ஈஸ்ட்ரோஜன் செய்ய உடம்பில் ஒரு நொதி இருக்கிறதாம். சினைப்பையிலும் உண்டு, மூளையிலும் உண்டாம். சுகர் வந்தால் அது குறைகிறதா என்று பார்க்கிறாள். எனக்கு நாற்பத்தொன்றிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார், காலைப் பார் என்பதோடு சரி.

வீட்டுக்காரரிடம், "எனக்கு மூளை இருக்குன்னு லேப்லயே சொல்லிட்டாங்க" என்றேன். "எலிக்குத்தானே சொன்னாங்க?" என்கிறார்.

மார்ச் 3, செவ்வாய்

வயிறு எரிகிறது.

எலிகளை எடை போட்டிருக்கிறார்கள். மெலிய வேண்டிய 3, 7 கொழுத்திருக்கிறது. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கழுவும்போது நீதான் எலிய மாத்திப் போட்டுட்ட. நாலாங்கிளாஸ் படிச்சத உள்ள விட்டா இப்படித்தான். நாளையிலருந்து வராத."

நான் மாற்றினேனா? பதினோரு வருசத்தில் ஒரு எலி இடம் மாறியதுண்டா? ரெண்டு வாரமாக் கத்துறேனே, அப்ப காதுல என்ன வெச்சிருந்த? சொன்னவ மேலயே பழியா? இந்த நோட்டு இருக்கு. தேதி போட்டு இருக்கு. விடுவேனா?

மார்ச் 4, புதன்

வராதே என்றால் போகாமல் இருப்பேனா? போய் நோட்டை அந்தப் பொண்ணு முன்னால் விரித்தேன். அவள் எலிகளின் காதுக் குறியைப் பார்த்தாள், மாறவில்லை. ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாள். ரெண்டுக்கும் சுகரே இல்லை. ஊசியின் வேகம் அடங்கித் தானாகத் தேறிவிட்டதாம். "நீங்க அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் எடைத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நாளைக்கும் வேலை உண்டு.

ஏப்ரல் 10, வெள்ளி

அந்த ரெண்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்ததில், சினைப்பையில் நொதி குறைந்திருக்கிறதாம். மூளையில் ஒரு பக்கம் குறைவு, இன்னொரு பக்கம் அப்படியே. ஏனாம்? "தெரியலக்கா. எலிக்கு இப்படின்னா மனுஷிக்கும் அப்படின்னு இல்ல. ஆனா நீங்க டாக்டர்கிட்ட கேக்கலாம்."

ஏப்ரல் 13, திங்கள்

டாக்டரம்மா வழக்கம்போலக் காலைப் பார்த்தார், சீட்டை நீட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. மாதவிலக்கு சீக்கிரமே நின்றதைச் சொன்னேன். "வயசானா நிக்கத்தானே செய்யும்" என்றார். "நாப்பத்தொண்ணு ஒரு வயசா டாக்டர்? சுகராலயும் இருக்குமா?" என்றேன்.

சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கடைசியா எப்ப வந்துச்சு?"

தேதியோடு சொன்னேன்.